ஒரே கணினி, நான்கு பேர்: பாஸ்வேர்டுக்கு வேலி எங்கே?

வீட்டுக்குப் பொதுவாக ஒரு கணினி. ஆன் செய்தால் எதுவும் கேட்காமல் நேராக டெஸ்க்டாப் வந்துவிடும். குரோமைத் திறந்தால் அப்பாவின் ஜிமெயில். ஓரத்தில் இருக்கும் வட்டப் படத்தைச் சொடுக்கினால் அம்மாவின் கணக்கு, பிள்ளைகளின் கணக்கு என்று வரிசைகட்டி நிற்கும். வங்கியின் தளத்துக்குப் போனால் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் தாமாகவே நிரம்பிவிடும். நான்கு பேருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நான்கும் அவர் கையில்.

வீட்டு ஆட்களுக்குள் என்ன ஒளிவுமறைவு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை; பாஸ்வேர்டுகளைப் பிரித்து வைப்பதற்கான காரணம் வேறு. ஒருவர் கைதவறி ஓட்டிய ஒரு புரோகிராம், அதே யூசர் அக்கவுண்டில் சேர்ந்து கிடக்கும் எல்லோருடைய பாஸ்வேர்டையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அது எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், வேலியைப் பிரவுசருக்குள் போட்டுப் பயனில்லை, கணினியின் யூசர் அக்கவுண்டில்தான் போட வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

புள்ளிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டு தானாக நிரம்பியதும் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன அல்லவா? அந்தப் புள்ளிகள் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், பக்கவாட்டில் அந்தப் பக்கத்தின் நிரல்வரிகள் விரியும். அந்தக் கட்டத்துக்கு உரிய வரியில் வகை 'பாஸ்வேர்டு' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு சொல்லை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி என்டர் தட்டினால் போதும், புள்ளிகள் எழுத்துகளாகிவிடும். இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை, பத்து நொடிகூட ஆகாது. புள்ளிகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவரிடமிருந்து மறைப்பதற்காக வந்தவை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை அவை தடுக்காது.

குரோமின் பாஸ்வேர்டு மேனேஜருக்குள் போய்க் கண் படத்தைத் தொட்டால் விண்டோஸின் பின் எண்ணைக் (PIN) கேட்கிறதே என்பீர்கள். கேட்கும். ஆனால் அது பட்டியலைப் பார்ப்பதற்கு மட்டும். லாகின் பக்கத்தில் நிரப்புவதற்குக் கேட்காது. அதற்கும் கேட்கவைக்க, பாஸ்வேர்டு மேனேஜரின் செட்டிங்ஸில் நிரப்பும்போது விண்டோஸ் ஹலோவை (பின், விரல், முகம் கொண்டு திறக்கும் வசதி) பயன்படுத்து என்ற ஸ்விட்சைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். விண்டோஸ் அக்கவுண்டுக்கே பாஸ்வேர்டோ பின்னோ இல்லையென்றால், பட்டியலும்கூட ஒன்றும் கேட்காமல் திறந்துகொள்ளும்.

குரோம் பாஸ்வேர்டுகளை அப்படியே எழுதி வைப்பதில்லை என்பது உண்மை. ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டி 'லாகின் டேட்டா' என்ற கோப்பில் வைக்கிறது. அந்தப் பூட்டின் சாவியை விண்டோஸ் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டு, இன்ன யூசர் லாகின் செய்திருந்தால் மட்டுமே தருவேன் என்று வைத்திருக்கிறது. சிக்கல் இங்கேதான். இன்ன யூசர் என்பதைத்தான் விண்டோஸ் பார்க்கிறது. கேட்பது குரோமா, நேற்று இறக்கிய ஏதோ ஒரு விளையாட்டா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. இதைச் சரிசெய்ய 2024 ஜூலையில் வந்த குரோம் 127-இல், முதலில் குக்கீகளுக்கு (லாகின் செய்ததைத் தளம் நினைவில் வைக்கும் சிறு பதிவுகள்) மட்டும், கேட்கும் புரோகிராமையும் சரிபார்க்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. சில வாரங்களிலேயே திருட்டு மென்பொருள்களை எழுதுபவர்கள் அதைச் சுற்றிப் போகும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் நிலைமை இன்னும் பட்டவர்த்தனம். சேமித்தவை எல்லாவற்றையும் பூட்டும் பிரைமரி பாஸ்வேர்டு ஒன்றை வைக்காதவரை, புரொஃபைல் ஃபோல்டரில் உள்ள இரண்டு கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்தால் வேறொரு கணினியில் எல்லாவற்றையும் படித்துவிடலாம். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் அந்தப் பிரைமரி பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருமுறை அதைத் தட்டிவிட்டால், ஃபயர்ஃபாக்ஸை மூடும்வரை திறந்தே இருக்கும். தட்டிவிட்டு எழுந்து போனவரின் பாஸ்வேர்டுகளை அது காப்பாற்றாது.

ஒரே விண்டோஸ் அக்கவுண்டுக்குள் ஆளுக்கொரு குரோம் புரொஃபைல் வைத்துக்கொள்ளும் பழக்கமும் இப்படித்தான். புக்மார்க் கலக்காமல் இருக்க அது நல்லது. பாதுகாப்பு என்று பார்த்தால், ஒரே அறைக்குள் தொங்கவிட்ட திரைச்சீலை அது, சுவர் கிடையாது.

அள்ளிக்கொண்டு போகும் புரோகிராம்கள்

இன்ஃபோஸ்டீலர் என்று ஒரு வகை உண்டு. ரெட்லைன் என்பது அதில் பேர்போனது. 2024 அக்டோபரில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கின. அந்த இடத்தைப் பிடிக்க வேறு புரோகிராம்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. காசு கட்டி வாங்க வேண்டிய மென்பொருளின் கிராக், விளையாட்டில் எளிதாக ஜெயிக்க உதவும் சீட் புரோகிராம், வீடியோ டவுன்லோடர் என்று ஏதோ ஒரு வேஷத்தில் உள்ளே வரும். ஓடியதும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள், டெஸ்க்டாப்பில் இருக்கும் டெக்ஸ்ட் ஃபைல்கள் எல்லாவற்றையும் திரட்டி அனுப்பிவிட்டுப் பெரும்பாலும் தன்னையே அழித்துக்கொள்ளும். கணினி மெதுவாகாது, எச்சரிக்கை எதுவும் வராது. நடந்ததே தெரியாது.

இதில் குக்கீ என்பது பாஸ்வேர்டைவிட மோசமான இழப்பு. நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்து, ஓடிபியும் கொடுத்து முடித்ததற்கான அடையாளச் சீட்டு அது. அதை எடுத்துப்போனவர் தன் பிரவுசரில் வைத்தால், பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. 'லாகின் செய்தபடியே வைத்திரு' என்ற கட்டத்தில் பொதுக் கணினியில் டிக் போடக் கூடாது என்பது இதனால்தான்.

இந்தப் புரோகிராம்களுக்கு அட்மின் உரிமை, அதாவது கணினி முழுவதையும் நிர்வகிக்கும் உரிமை, தேவைப்படுவதில்லை. ஓட்டியவரின் யூசர் அக்கவுண்டுக்கு எட்டும் எல்லாம் இவற்றுக்கும் எட்டும். அவ்வளவுதான், ஆனால் அதுவே போதும். பையன் தன் தனி அக்கவுண்டில் ஓட்டினால் பையனுடையது போகும். எல்லோருக்கும் ஒரே அக்கவுண்ட் என்றால் வங்கி வரை போகும்.

பாஸ்வேர்டு என்ற ஏற்பாடு கணினிக்குள் வந்ததே இப்படியொரு பகிர்வினால்தான். 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் உருவாக்கிய சிடிஎஸ்எஸ், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்தது. ஒருவர் கோப்பு இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், பாஸ்வேர்டு கோப்பையே அச்சிடச் சொல்லி பஞ்ச் கார்டில் கோரிக்கை கொடுத்தார். கணினி அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை, கூடுதல் நேரம் வேண்டும், அவ்வளவே. திரைநேரம் தீர்ந்துபோன பிள்ளை அம்மாவின் அக்கவுண்டில் நுழைவதும் இதே காரணத்துக்காகத்தான். எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒரே இடத்தில், ஒரே உரிமையில் எட்டும்படி இருந்ததுதான் அன்றும் கோளாறு.

பிரிக்கும் வேலை: வரிசை முக்கியம்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் ஆட் அக்கவுண்ட் கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பிள்ளைகளுக்கு, 'இவருடைய லாகின் விவரம் என்னிடம் இல்லை' என்பதைத் தொட்டு, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்ப்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலில் உருவாக்க வேண்டியது ஆட்களுக்கான அக்கவுண்ட் அல்ல, ஒரு தனி அட்மின் அக்கவுண்ட். அதில் யாரும் மெயில் பார்க்கக் கூடாது, பிரவுசர்கூடத் திறக்க வேண்டியதில்லை. மென்பொருள் நிறுவ மட்டும் அது. உருவாக்கியதும் ஒருமுறை லாகின் செய்து பார்த்து, அது வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே பழைய அக்கவுண்டை அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு வகைக்கு இறக்குங்கள். பிறகு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட். பெரியவர்களுக்கும் அதுவே. அட்மினாக இருப்பவர் மற்றவர்களின் ஃபோல்டர்களைத் திறக்கும் உரிமையைத் தானே எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், அன்றாட வேலையை அட்மின் அக்கவுண்டில் செய்வது வேலி முழுவதையும் திறந்து வைப்பதற்குச் சமம்.

இனி யாராவது ஏதாவது நிறுவும்போது அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு பெட்டி வரும். பிள்ளை கூப்பிட்டதும் ஓடிப்போய்த் தட்டிவிடாமல், அந்தப் பெட்டியில் வெளியீட்டாளர் பெயர் என்ன என்று படியுங்கள். 'அன்னோன்' என்றிருந்தால் நிறுத்திவிட்டு, எங்கிருந்து இறக்கியது என்று கேளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கும்போது விண்டோஸ் மூன்று பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்கும்: பிறந்த ஊர், முதலில் வளர்த்த பிராணியின் பெயர் போன்றவை. பாஸ்வேர்டு மறந்தால் லாகின் திரையிலேயே இந்தப் பதில்களைக் கொடுத்துப் புதியது வைத்துக்கொள்ளலாம். வெளியாளுக்கு இது கஷ்டமான கேள்வி. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். எனவே உண்மையான பதிலைக் கொடுக்காதீர்கள். சம்பந்தமில்லாத சொற்களைக் கொடுத்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கைரேகையிலும் ஒரு கவனம் வேண்டும். வசதிக்காக மனைவியின் விரலையும் கணவரின் அக்கவுண்டில் பதிந்து வைத்தால், அந்த விரல் கணவரின் அக்கவுண்டைத்தான் திறக்கும். ஒவ்வொருவரும் தங்கள் அக்கவுண்டில் தங்கள் விரலை மட்டும் பதிய வேண்டும். பின் வைப்பதானால் 6 இலக்கமாவது இருக்கட்டும். போனின் பின்னையே இங்கும் வைக்காதீர்கள். போன் பின் வீட்டில் எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பழகிய எண்.

பொதுவான படங்கள், ஆவணங்களுக்கு யூசர்ஸ் ஃபோல்டருக்குள் 'பப்ளிக்' என்று ஒன்று உண்டு. அதற்குள் கோப்புகளைக் கட் செய்து போட்டால், ஒரே டிரைவுக்குள் நகரும்போது பழைய அனுமதிகளும் கூடவே வந்துவிடும். மற்றவர்கள் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். காப்பி செய்தால் புது இடத்தின் அனுமதி கிடைக்கும். காப்பி செய்து, திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை அழிப்பதே சரி.

இனி பலர் மாட்டிக்கொள்ளும் இடம். பழைய பொது அக்கவுண்டின் குரோமில் எல்லோருடைய பாஸ்வேர்டும் இன்னும் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அழிக்கலாம் என்று உட்கார்ந்தால், சிங்க் (எல்லாச் சாதனங்களிலும் ஒரே தரவை வைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கும் பட்சத்தில் அந்த அழிப்பு கூகுள் கணக்கு வரை போய், உங்கள் போனிலும் அழிந்துவிடும். முதலில் அந்த பிரவுசரிலிருந்து கூகுள் கணக்கை வெளியேற்றுங்கள்; அப்போது இந்தக் கணினியில் உள்ள தரவை நீக்கவா என்று கேட்டால் நீக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு மீதி ஏதாவது இருந்தால் மட்டும் கையால் அழிக்கலாம். இதே சிங்க் தலைகீழாகவும் வேலை செய்யும்: ஒரு அவசரத்துக்கு அண்ணனின் குரோமில் உங்கள் கணக்கை ஏற்றி சிங்க் ஆன் செய்தால், உங்கள் போனில் வருஷக்கணக்காகச் சேர்ந்த பாஸ்வேர்டுகள் முழுவதும் அவர் பிரவுசரில் வந்து இறங்கிவிடும்.

எல்லாம் பிரிந்த பிறகு பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பழைய அக்கவுண்டில் ஏற்கெனவே ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் புதியதும் அங்கிருந்தே போய்விடும் என்பதால், மாற்றும் வேலையைப் போனிலோ புது அக்கவுண்டிலோ செய்ய வேண்டும். மெயில் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கையும் ரீசெட் செய்யும் இணைப்பு அங்கேதான் வருகிறது. பிறகு வங்கி. மெயிலின் பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலைத் திறந்து, தெரியாத லாகின்களை வெளியேற்றவும் மறக்காதீர்கள்.

பிரித்த பின்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, பூட்டாமல் எழுந்து போவது. விண்டோஸ் விசையுடன் எல் எழுத்தைத் தட்டினால் பூட்டிக்கொள்ளும். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், க்யூ. 5 நிமிஷத்தில் தானாகத் திரை அணைந்து, திரும்ப எழுப்பும்போது பாஸ்வேர்டு கேட்கும்படியும் அமைத்துவிடுங்கள். மற்றொன்று, டிஸ்க். அது என்கிரிப்ட் ஆகாவிட்டால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படாவிட்டால், யுஎஸ்பியிலிருந்து வேறொரு சிஸ்டத்தைப் பூட் செய்து எல்லோருடைய கோப்புகளையும் படிக்கலாம். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்க்கைப் பூட்டும் வசதியின் பெயர் விண்டோஸில் டிவைஸ் என்கிரிப்ஷன், மேக்கில் ஃபைல்வால்ட். விண்டோஸ் தரும் 48 இலக்க மீட்புச் சாவி, பெரும்பாலும் முதலில் லாகின் செய்த அட்மினின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காரும். அது யாருடைய கணக்கு என்று வீட்டில் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மதர்போர்டு மாற்றிய அன்று எல்லாப் படங்களும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஒருவர் தன் லோக்கல் அக்கவுண்ட் பாஸ்வேர்டை மறந்தால், அட்மினிலிருந்து புதியது வைத்துத் தரலாம். ஆனால் அப்படி ரீசெட் செய்தால், பழைய பாஸ்வேர்டை நம்பிப் பூட்டிய பிரவுசர் பாஸ்வேர்டுகள் திறக்காமல் போகும். தெரிந்த பாஸ்வேர்டை மாற்றுவது வேறு, மறந்ததை ரீசெட் செய்வது வேறு.

லினக்ஸிலும் மேக்கிலும் கொள்கை இதுவேதான். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் மட்டும் ஒன்று: 21.04 பதிப்புக்கு முன் உருவாக்கிய ஹோம் ஃபோல்டர்களை அதே கணினியின் மற்ற யூசர்கள் படிக்க முடியும். பழைய நிறுவலை அப்டேட் செய்துகொண்டே வந்திருந்தால் அந்த அனுமதி அப்படியே இருக்கலாம். மற்ற யூசர்கள் படிக்க முடியாதபடி, அந்த அனுமதி எண்ணை 750 என்று மாற்றிவிடுங்கள்.

பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்

பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்தது வீட்டுக்குள் பாஸ்வேர்டே ஆகாது. எல்லோருக்கும் எல்லோருடைய பிறந்தநாளும் தெரியும். டைஸ்வேர் முறை எளிது: ஐந்து முறை பகடையை உருட்டினால் வரும் ஐந்திலக்க எண்ணுக்கு, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல். அப்படி நான்கு சொற்களுக்குச் சுமார் 3,656 லட்சம் கோடி சேர்க்கைகள். கண்டபடி தேர்ந்த எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளுக்கு 20,882 கோடிதான். பழமொழியோ பாட்டு வரியோ எடுத்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் சொற்கள் சேர்ந்தே வருபவை.

தமிழ்ச் சொற்களை வைப்பது நல்ல யோசனை, ஆனால் தமிழ் எழுத்திலேயே வைக்காதீர்கள். லாகின் திரையில் தமிழ் விசைப்பலகை இல்லாமல் போகலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: 'கொ' என்ற எழுத்தில் வரும் குறியை ஒரு தட்டச்சு மென்பொருள் ஒற்றைக் குறியீடாகப் பதியும், இன்னொன்று ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பதியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் போனில் வைத்த பாஸ்வேர்டு கணினியில் தவறு என்று வரக்கூடும். ஆங்கில எழுத்தில் எழுதும்போதும் 'ழ' எழுத்துக்கு எதைப் போட்டீர்கள் என்பதை முதல் நாளே முடிவுசெய்துகொள்ளுங்கள். அதில் தடுமாறிப் பூட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா? தேவையில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதைக் கைவிட்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் அன்றே மாற்றுங்கள்.

கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு என்றால் நினைவில் நிற்காது; மேனேஜர் வேண்டும். பிட்வார்டன் போன்றவை ஆன்லைனில் சேமித்துப் போனுக்கும் கணினிக்கும் கொண்டுவரும். கீபாஸ்எக்ஸ்சி ஒரே பூட்டிய கோப்பாகக் கணினியிலேயே வைக்கும். அதை பேக்கப் எடுப்பது உங்கள் பொறுப்பு. எதுவானாலும் மாஸ்டர் பாஸ்வேர்டு ஐந்தாறு சொற்களாக இருக்கட்டும், 5 நிமிஷத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள். வைஃபை, மின்கட்டணம் போன்ற பொதுவானவற்றை எல்லோரும் பார்க்கும் தனித் தொகுப்பில் போடலாம். அப்படி ஒரு இடம் இருந்தால்தான், ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவர் கேட்டு வாங்கும் பழக்கம் நிற்கும்.

பாஸ்வேர்டைக் காப்பி செய்யும்போது விண்டோஸில் கிளிப்போர்டு ஹிஸ்டரி ஆன் ஆகியிருந்தால், கடைசி 25 காப்பிகள் வரை அதில் நிற்கும். விண்டோஸ் விசையுடன் வி எழுத்தைத் தட்டிப் பாருங்கள். டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து காப்பி செய்த பாஸ்வேர்டு அங்கே பளிச்சென்று கிடக்கும்.

ஓடிபி வந்து சேரும் இடம்

இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களும் கவனிக்காத ஒன்று உண்டு. போனின் எஸ்எம்எஸ்களைக் கணினியில் காட்டும் போன் லிங்க், கூகுள் மெசேஜஸின் வெப் பதிப்பு இவற்றைப் பொது அக்கவுண்டில் இணைத்துவிட்டால், பாஸ்வேர்டு நிரம்பும் அதே திரையிலேயே ஓடிபியும் வந்து விழும். இரண்டு அடுக்கு ஒன்றாகிவிட்டது. போன் இணைப்புகளை உங்கள் தனி அக்கவுண்டில் மட்டும் வையுங்கள். முடிந்தால் எஸ்எம்எஸ் விட்டு, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள்.

பாஸ்கீக்கும் இது பொருந்தும். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதம் சேர்ந்து ஆதரவு அறிவித்த இந்த முறையில் திருடுவதற்குப் பாஸ்வேர்டே இல்லை. கணினியைத் திறக்கும் பின்னோ விரலோதான் சாவி. பொது அக்கவுண்டில் பாஸ்கீயைச் சேமித்தால், அந்தப் பின் தெரிந்த எல்லோரிடமும் சாவி இருக்கும். போனில் சேமித்து, கணினியில் தேவைப்படும்போது க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து நுழைவது மேல்.

வேறொருவர் அக்கவுண்டில் ஐந்து நிமிஷம் மெயில் பார்க்க வேண்டியிருந்தால் இன்காக்னிட்டோ அல்லது குரோமின் கெஸ்ட் விண்டோ போதும். ஆனால் எல்லா இன்காக்னிட்டோ விண்டோக்களும் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்ளும், ஒன்றை மூடி இன்னொன்று திறந்திருந்தால் நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். டவுன்லோடு செய்த கோப்பும் ஃபோல்டரில் தங்கிவிடும்.

இவ்வளவு பூட்டிய பிறகு, ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் வீட்டார் எப்படித் திறப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு உறை: மேனேஜரின் மாஸ்டர் பாஸ்வேர்டு, போன் பின், விண்டோஸ் அட்மின் பாஸ்வேர்டு, 48 இலக்கச் சாவி, ஓடிபிக்குப் பதிலாகக் கொடுக்க கூகுள் தரும் 8 இலக்க பேக்கப் கோடுகள் பத்து. தாளில், கையால் எழுதி, ஒட்டி, பூட்டும் அலமாரியில். கணினியில் டைப் செய்து பிரிண்ட் எடுத்தால் அந்தக் கோப்பு அங்கேயே கிடக்கும். பேக்கப் கோடு ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். புதிய தொகுப்பு எடுத்தால் பழைய பத்தும் செல்லாமல் போய்விடும் என்பதால், அன்றே உறையில் உள்ள தாளையும் மாற்றி மேலே தேதி எழுதிவிடுங்கள்.